தண்டவாளத்தின் ஓரமாக மூன்று காலைகள்

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மிதிவண்டிகளுக்கு வழி விடுகிறது. எங்கள் மஹல்லாவின் நான்கு குடும்பத்தார் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இந்நகரின் ரயில் பாதைகளை மிதிவண்டியில் பின்தொடர்ந்தோம்.

காரணம் எளியது. எங்கள் பிள்ளைகளுள் ஒருவனிடம் பள்ளித் தோழன் ஒருவன், "உங்க ஆளுங்க இந்த ஊருக்கு எப்ப வந்தாங்க?" என்று கேட்டிருக்கிறான். கேட்டவன் பகைமையோடு கேட்கவில்லை. ஆயினும் எங்கள் பிள்ளைக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எங்களிடம் கேட்டான். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். எதுவும் அவனை நிறைவு செய்யவில்லை. எங்களையும் நிறைவு செய்யவில்லை.

நூலகத்துக்குப் போவதற்கு முன் ஊரைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ரயிலில் செல்வோர் நிலையங்களை மட்டுமே காண்கின்றனர். காரில் செல்வோர் முன்னால் நிற்கும் வண்டியை மட்டுமே காண்கின்றனர். மிதிவண்டியில் செல்பவர் பாலத்தின் மேட்டைக் காலால் அறிகிறார். கால்வாயை மூக்கால் அறிகிறார். பெயர்ப்பலகையை நின்று படிக்க அவருக்கு நேரம் இருக்கிறது.

முதல் காலை இராயபுரத்தில் தொடங்கினோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்தே புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே. நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் உயர்ந்த தூண்களுக்குக் கீழே வண்டிகளை நிறுத்திவிட்டு, அந்த முதல் ரயில் எங்கே சென்றது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். அது சென்ற இடம் வாலாஜா ரோடு. இங்கிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவு.

"வாலாஜா யாரு வாப்பா?" என்றாள் ஒரு சிறுமி.

ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் அது. அவர் சேப்பாக்கத்தில் 1768-இல் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவர் மரபின் கடைசி நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான் 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, கும்பினியார் நவாப் பதவியையே ஒழித்துவிட்டனர். அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே ரயில் ஓடியது. பதவி போன மறுவருடம் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஊரை நோக்கி இந்நகரின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கேட்டனர். நாங்களும் அன்றுதான் அவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.

இராயபுரத்திலிருந்து மண்ணடிக்கு மிதிவண்டியில் சில நிமிடங்களே. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் கடை வைத்த தெருக்கள் அவை. பூட்டிய கடைகளின் முன் பால்காரர்கள் மட்டுமே நின்றார்கள். இன்று மண்ணடியின் பெயரில் பூமிக்கடியில் ஒரு மெட்ரோ நிலையமும் உண்டு. அப்பகுதியில் 2019 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை மிதிவண்டியில் தொடர முயன்றால் வாயில்களும் காற்றுப் போக்கிகளும் மட்டுமே கண்ணில் படும். பாதை காலடியில் மறைந்து கிடக்கும்.

அங்கிருந்து சென்ட்ரல் நிலையத்தின் பின்புறமாகப் பெரியமேட்டுக்கு வந்தோம். இங்கே ரயிலின் வரலாறும் சமுதாயத்தின் வரலாறும் நேராகவே பின்னிக் கிடக்கின்றன. வாலாஜா ரோடு வரை போன பாதை, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டு, 1862-க்குள் மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. பாலாற்றங்கரை ஊர்களில் பதனிட்ட தோல் அந்தப் பாதையில் சென்னைக்கு வந்து துறைமுகத்தில் கப்பலேறியது. சென்ட்ரல் நிலையம் 1873-இல் எழுந்தபோது, அதன் அருகிலிருந்த பெரியமேடு தோல் வணிகத்தின் களமாயிற்று. அத்தொழிலில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பியதையும் மறக்கலாகாது. தோல் வணிகர் ஜமால் முஹம்மது அவர்களின் குடும்பத்தை நினைவூட்டும் ஜமாலியா பெரம்பூர்ப் பக்கத்தில் இன்றும் ஒரு பகுதியின் பெயர். திருச்சியில் 1951-இல் தொடங்கிய ஜமால் முஹம்மது கல்லூரியை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது.

இரண்டாம் காலை, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் நோக்கிச் சென்றோம். சுமார் 30 கி.மீ. தூரம்; பிள்ளைகளில் சிறியவர்கள் பாதி வழியில் வேனில் ஏறிக்கொண்டார்கள். இந்தப் பாதையில் 1931-இல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அப்போது நகரத் தெருக்களில் டிராம் வண்டிகளும் ஓடின. சென்னையின் மின்சார டிராம் 1895-இல் தொடங்கி 1953-இல் நின்றுபோனது. டிராம் பழைய ஊருக்குள்ளேயே சுற்றியது. மின்சார ரயிலோ ஊரையே தெற்கே இழுத்துச் சென்றது. மாம்பலத்தில் பெரும் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணமுடியாத 'லேக் வியூ சாலை' இன்னும் அந்த ஏரிக்குச் சாட்சி சொல்கிறது.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் பல்லாவரத்திலிருந்து மண்ணடிக் கடைக்கு நாள்தோறும் இந்த ரயிலில் சென்றவர். மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் விடைபெற்றபோது அவரும் ஓய்வு பெற்றிருந்தார். சைதாப்பேட்டை நிலையத்துக்கு வெளியே தேநீர் குடிக்கையில், "சையது என்ற பெயரில் வந்த பேட்டைங்கிறாங்க, யாரு அந்த சையதுன்னு நாற்பது வருஷம் இந்த வழியாப் போயும் நான் யோசிச்சதில்ல" என்றார். அவர் சொன்னது எங்கள் அனைவருக்கும் பொருந்தும். அன்றாடம் உச்சரிக்கும் பெயர் எளிதில் காதில் விழாமல் போய்விடுகிறது.

மூன்றாம் காலை பறக்கும் ரயிலைப் பின்தொடர்ந்தோம். எங்கள் எண்ணம் மாறியது அன்றுதான்.

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், மயிலை வரை 1997-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் இந்தப் பாதை படிப்படியாகத் திறக்கப்பட்டது. சேப்பாக்கம் நிலையத்திலிருந்து அரண்மனையின் பக்கமாக வந்து, திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் இறங்கினோம். 1795-இல் வாலாஜா குடும்பத்தார் கருங்கல்லால் எழுப்பிய பள்ளி இது. லக்னோவிலிருந்து வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களும், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் அவர்களும் இதன் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். ரமழானில் இங்கே நோன்பு திறப்போருக்கு, மயிலாப்பூரிலிருந்து வரும் சிந்தி இந்துச் சகோதரர்கள் பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறி வருகின்றனர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு நவாப் நிலம் அளித்தார் என்பதும் அவ்வூரில் வழங்கும் செய்தி. மயிலையிலிருந்து திருவல்லிக்கேணி வரை பறக்கும் ரயிலில் சில நிமிடங்கள். இவ்விரண்டு நினைவுகளும் அதே தூரத்தில்தான் இருக்கின்றன.

பிள்ளைகள் பெருமையால் நிமிர்ந்தனர். "அப்ப இதெல்லாம் நம்மளோடதா?" என்று அந்தச் சிறுவன் கேட்டான். ஆம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வரலாற்றைப் பாதி சொல்வது பொய்க்கு அருகில் நிற்கும். வாலாஜா நவாப் கும்பினிக்கும் அதன் அதிகாரிகளுக்கும் பெருங்கடன் பட்டவர். அக்கடனுக்கு ஈடாகக் கர்நாடகத்து உழவர்களின் வரியே கைமாறியது. அரண்மனையின் அழகிய வளைவுகளுக்கு அந்த உழவர்களும் விலை கொடுத்தார்கள். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்திருப்பர். அல்லாதோர் மிகப் பலர். இதையும் பிள்ளைகளிடம் சொன்னோம்.

பிறகு தெற்கே மிதித்தோம். திருவல்லிக்கேணியைத் தாண்டியதும் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் ஓரத்திலும் அதன் நடுவிலுமே நிற்கின்றன. கறுத்த நீர், நெகிழிக் குப்பை, சகிக்க முடியாத நாற்றம். இந்தக் கால்வாயின் வடபகுதி 1806-இல் வெட்டத் தொடங்கப்பட்டது. ஆனால் நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டு 1877, 78-இல் வெட்டப்பட்டது. அது தாது வருடப் பஞ்ச காலம். கிராமங்களிலிருந்து பசியோடு வந்தவர்களுக்குப் பஞ்ச நிவாரணப் பணி என்ற பெயரில் மண்வெட்டியைக் கொடுத்து, கூலிக்கு இதை வெட்டச் செய்தார்கள். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்களின் பெயர் எந்த நிலையத்திலும் இல்லை.

கோட்டூர்புரம் பாலத்தின் மேல் மூச்சு வாங்க நின்றபோது இதைச் சொன்னோம். பிள்ளைகள் நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாட்களாக நாங்கள் நமது பெயர்களையே தேடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பெயர் நிலைத்தவர்கள் சிலர். ஊரைக் கட்டியவர்கள் வேறு பலர். மனிதர் மறந்த கூலியை அல்லாஹ் மறப்பதில்லை என்று நம்புகிற நாம், அவர்களைத் தேடாமல் நவாப்களை மட்டும் தேடினால் நமது நம்பிக்கைக்கே குறை செய்தவர்களாவோம்.

பெருங்குடியையும் வேளச்சேரியையும் அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்ட நிலப்பரப்பு இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரின் தென்பகுதி மூழ்கியபோது, பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவுகளைத் திறந்தன. பள்ளிகளில் தங்கியவர்களிடம் யாரும் மார்க்கம் கேட்கவில்லை. தண்ணீர் போகும் வழியை அடைத்ததில் நம்மவருக்கும் பங்குண்டு. தண்ணீர் வந்தபோது கைகொடுத்ததிலும் பங்குண்டு. இரண்டையும் நமது கணக்கிலேயே எழுத வேண்டும்.

அந்தப் பள்ளித் தோழனின் கேள்விக்கு இப்போது எங்கள் பிள்ளையிடம் விடை உண்டு. கும்பினியார் 1639-இல் இங்கே இடம் பெற்றபோது மயிலையும் திருவல்லிக்கேணியும் பழைய ஊர்கள். வடக்கே பழவேற்காட்டுத் துறையில் முஸ்லிம் வணிகர்கள் அதற்கும் முன்பே வாழ்ந்துகொண்டிருந்தனர். நகரம் என்று நாம் சொல்வது அதன் பிறகு வந்தது. அதை ஆக்குவதற்கு எல்லா மார்க்கத்தாரும் எல்லாத் திசையிலிருந்தும் வந்தனர். பலர் பசியால் வந்தனர். ஆகவே "எப்ப வந்தீங்க?" என்ற கேள்வியை "வந்து என்ன செஞ்சோம்?" என்று மாற்றிக் கேட்கலாம் என அவன் தன் தோழனிடம் சொன்னானாம். அடுத்த ஞாயிறு அந்தத் தோழனும் எங்களோடு மிதிவண்டியில் வருகிறான்.

வாசகக் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் ஊர் எதுவாயினும், அதன் பழைய ரயில் பாதையோ பேருந்து வழியோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளோடும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடும் மெல்லச் செல்லுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது யார் பெயர்? இதைக் கட்டியவர் யார்? முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் பலகையிலேயே இருக்கும். இரண்டாவதற்குப் பெரியவர்களின் நினைவிலிருந்துதான் விடை எடுக்க வேண்டும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வைப்பது நம்மீதுள்ள அமானிதம்.