அன்னம்மாளும் ஹன்னாவும்: மனித இயல்பு பற்றிக் கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு விசாரணை

மனித இயல்பு பற்றிச் சமயங்களை ஒப்பிடும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டைத்தான் ஒப்பிக்கின்றன. கிறிஸ்தவம் மனிதனைப் பிறவியிலேயே பாவியாகக் காண்கிறது. இஸ்லாம் அவனைத் தூயவனாகக் காண்கிறது. சைவம் அவனை மலத்தில் கட்டுண்டவனாகக் காண்கிறது. பௌத்தம் அப்படி ஒருவன் இருப்பதையே மறுக்கிறது. பரீட்சை விடைக்கு இது போதும், ஆய்வுக்குப் போதாது. மனிதன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியை எல்லாச் சமயங்கள் மீதும் ஒரே மாதிரி சுமத்துவதால் வரும் கோளாறு இது. குற்றம் எப்போதிருந்து தொடங்குகிறது, அது யாருடையது என்ற இரு கேள்விகளைக் கேட்டால் சமயங்களின் உண்மையான வேறுபாடும், எவரும் அதிகம் கவனிக்காத ஓர் உடன்பாடும் புலப்படும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

வாதத்துக்கு ஏற்ற களம் புத்தளம் மாவட்டத்தில் இருக்கிறது. புத்தளம் களப்புக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் குறிஞ்சிப்பிட்டி, தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அதே தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கிறது. மார்ச் மாதத்திலும் ஜூலை, ஓகஸ்ட் காலத்திலும் நடக்கும் அதன் பெருவிழாக்களுக்குக் கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை; பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும்கூட நேர்ச்சையோடு வருவது நாடறிந்த வழக்கம். கற்பிட்டி நகரத்தில் ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டிய கோட்டை நிற்கிறது. தெற்கே போனால் உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, சிலாபத்தை அடுத்து முன்னேஸ்வரம். மனித இயல்பு பற்றிய பெரும் கொள்கைகள் நூலகத்தில் அடுத்தடுத்து இருப்பதுபோல் இங்கே ஊர்களில் அடுத்தடுத்து இருக்கின்றன.

அன்னம்மாள் யார்? மரியாளின் தாய். விவிலியத்தில் அவர் பெயர் இல்லை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருமுறையில் சேராத யாக்கோபு நூல்தான் சுவக்கீன், அன்னா என்ற பெற்றோரை அறிமுகப்படுத்துகிறது. இதே தாய் அல்குர்ஆனிலும் வருகிறார். மூன்றாம் அத்தியாயமாகிய ஆலஇம்ரானில், இம்ரானின் மனைவி தன் கருவிலுள்ள குழந்தையை இறைவனுக்கே நேர்ந்து விடுகிறார். பிறந்தது பெண் என்று கண்டு மர்யம் எனப் பெயரிட்டு, அவளையும் அவள் சந்ததியையும் சைத்தானிடமிருந்து காக்கும்படி வேண்டுகிறார். அங்கும் தாயின் பெயர் சொல்லப்படவில்லை. விரிவுரையாளர்கள் ஹன்னா என்கிறார்கள். ஆக, தலவிலையில் மெழுகுதிரி ஏற்றப்படுவதும் குறிஞ்சிப்பிட்டியில் ஓதப்படுவதும் ஒரே தாயைப் பற்றித்தான். இரு சமயங்களிலும் மனித இயல்பு பற்றிய மிகக் கடினமான விவாதம் அவர் வயிற்றிலிருந்த குழந்தையைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது இதைவிட முக்கியம்.

கத்தோலிக்கத் தரப்பை முதலில் பார்ப்போம். ஆதாமின் குற்றம் அவன் சந்ததி முழுவதற்கும் இறங்கி வருகிறது என்பதை வலுவாக நிறுவியவர் வட ஆபிரிக்காவின் அகுஸ்தீன் (354–430). தன் தன்வரலாற்றில், ஒரே தாய்ப்பாலைப் பகிரும் இன்னொரு குழந்தையைக் கண்டு பொறாமையில் வெளிறிப்போன சிசு ஒன்றை அவர் சாட்சியாகக் காட்டுகிறார். பேசத் தெரியாத வயதிலும் தன்னலம் இருக்கிறது. ஆகவே அது கற்றுக்கொண்டதல்ல, கூடவே வந்தது என்பது அவர் முடிவு. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்ற பெலாகியுவின் கருத்து 418இல் கார்த்தேஜ் சங்கத்தில் கண்டிக்கப்பட்டது. 1546 ஜூன் 17இல் திரெந்து பொதுச்சங்கம் ஜென்மப் பாவக் கோட்பாட்டை விதிகளாக வரைந்தது; ஆனால் மரியாளை இவ்விதிக்குள் அடக்க எண்ணவில்லை என்று அப்போதே ஒரு வரி சேர்த்தது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. மரியாள் பாவமின்றியே கருவானால் அவருக்கு மீட்பர் தேவையில்லை என்றாகிவிடுமே என்று தயங்கினார் தோமா அக்குவினா. விழுந்தவரைத் தூக்குவது மட்டும் மீட்பு அன்று, விழாமல் காப்பது அதனினும் நிறைவான மீட்பு என்று வாதிட்டார் தன்ஸ் ஸ்கோத்து. 1854 டிசம்பர் 8இல் பாப்பரசர் ஒன்பதாம் பியூஸ் ஸ்கோத்தின் பக்கம் நின்று, அன்னம்மாளின் கருவில் மரியாள் ஜென்மப் பாவத்தின் கறையின்றி உற்பவித்தார் என்பதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். தலவில தலத்தின் புனிதவதியை வெறும் பாட்டியாகப் பார்க்கிறவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள். மனித குலம் முழுவதற்குமான ஒரு விதி, இறைவனின் தனிச் சலுகையால் ஒருமுறை நிறுத்தி வைக்கப்பட்ட இடம் அவருடைய வயிறு.

இனி இஸ்லாம். இங்கே வாய்பாடு இன்னும் எளிமையாகச் சொல்லப்படுகிறது: ஒவ்வொரு குழந்தையும் 'பித்ரா' என்னும் இயற்கை நெறியில் பிறக்கிறது, பெற்றோரே அதை வேறு மார்க்கத்துக்குத் திருப்புகிறார்கள் என்கிறது ஆதாரபூர்வமான ஹதீஸ். ஆதம் தவறினார், மன்னிப்புக் கேட்டார், மன்னிக்கப்பட்டார். கணக்கு அங்கேயே தீர்ந்தது. ஓர் ஆன்மாவின் சுமையை இன்னோர் ஆன்மா சுமக்காது என்பது குர்ஆன் பல இடங்களில் வற்புறுத்தும் விதி. எல்லாம் சரி. ஆனால் ஹன்னாவின் பிரார்த்தனைக்கு விளக்கமாக இன்னொரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது: பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் சைத்தான் தீண்டுகிறான், அந்தத் தீண்டலில்தான் குழந்தை வீரிட்டு அழுகிறது, மர்யமும் அவர் மகனும் மட்டும் விதிவிலக்கு.

இந்த இரண்டு ஹதீஸ்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது பாடநூல் வாய்பாடு உடைகிறது. அகுஸ்தீன் சிசுவின் பொறாமையில் கண்டதை இங்கே சிசுவின் முதல் அழுகையில் காண்கிறோம். இரு மரபுகளும் பிறந்த குழந்தையை ஆபத்துக்கு நடுவில்தான் வைக்கின்றன. அந்தப் பொது நிலையிலிருந்து விலக்குப் பெறுவோரில் இரண்டிலும் ஹன்னாவின் மகள் இருக்கிறார். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கத்தோலிக்கத்தில் கறை உள்ளே, கருவுறும் கணத்திலேயே வருகிறது. இஸ்லாத்தில் அது வெளியிலிருந்து, பிறக்கும் கணத்தில் வருகிறது. அதுவும் தீண்டல் மட்டுமே, குற்றம் அன்று. பகுத்தறிவை முதன்மைப்படுத்திய முஃதஸிலா பிரிவின் விரிவுரையாளர் ஸமக்ஷரி (இறப்பு 1144) இந்தத் தீண்டலை நேர்ப்பொருளில் கொள்ளத் தயங்கினார். மனிதரை வழிகெடுக்கும் சைத்தானின் ஆசையை உருவகமாகச் சொன்னதாக அதை விளக்கினார். அவருக்குப் பின்வந்த சுன்னி அறிஞர் அதை ஏற்காமல் நேர்ப்பொருளுக்கே வாதாடினர். பித்ரா பற்றியும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. அந்துலூசியாவின் இப்னு அப்துல் பர் (இறப்பு 1071) அதைக் குறையற்ற, எதற்கும் இடம் கொடுக்கும் ஆரோக்கியமான நிலையாகக் கொண்டார். இறைவனை ஏற்றுக்கொள்ளும் முனைப்பே பித்ரா என்று இப்னு தைமிய்யா அதற்கு மேலும் பொருள் ஏற்றினார். கஸ்ஸாலி (இறப்பு 1111) குழந்தையின் மனத்தை எழுத்து எதுவும் பொறிக்கப்படாத அமானிதமாகப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறார்; வளர்ந்தவனின் நப்ஸ் (உள்ளிருக்கும் 'தான்') பற்றி எழுதும்போதோ சற்றும் நம்பிக்கை வைப்பதில்லை. தீமைக்கு ஏவும் நப்ஸ், தன்னைத்தானே கண்டிக்கும் நப்ஸ், அமைதியுற்ற நப்ஸ் என்ற மூன்று நிலைகளும் குர்ஆனிலேயே உள்ளவை. மனிதன் இயல்பால் தூயவன் என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இந்த மரபை அடைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

கொள்கை வேறுபாடு தொட்டிலருகே செயலாகிறது. கத்தோலிக்க வீட்டில் ஞானஸ்நானம் தாமதிக்கக் கூடாது. அவசர வேளையில் குருவானவர் வேண்டியதில்லை, திருச்சபையின் நோக்கத்தோடு யாரும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். ஒல்லாந்தர் குருமாரைத் தடைசெய்த காலத்தில் இந்த அனுமதி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் கண்டி அரசின் ஆளுகையில் இருந்த புத்தளத்திலும் உழைத்த யோசேப் வாஸ் அடிகளார் (2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர்) சந்தித்தது அப்படிப்பட்ட மக்களைத்தான். முஸ்லிம் வீட்டில் குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்லப்படுகிறது, ஏழாம் நாள் முடி இறக்கி அகீகா என்னும் பலி கொடுக்கப்படுகிறது. முன்னது கழுவும் சடங்கு. பின்னது நினைவூட்டும் சடங்கு. ஆதமின் சந்ததி முழுவதும் பிறப்புக்கு முன்பே இறைவனைச் சாட்சி கூறி ஏற்றுக்கொண்டது என்ற குர்ஆனியச் செய்தியை அறிந்தவருக்கு, எதை நினைவூட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

ஒல்லாந்தர் கோட்டைக்குள் ஓதப்பட்ட சீர்திருத்தக் கிறிஸ்தவம் இந்தக் கரையில் மிகக் கடுமையான விடையைத் தந்தது. 1563இன் ஹைடெல்பெர்க் ஞானோபதேசப்படி, மறுபிறப்பு அருளப்படாத மனிதனால் எந்த நன்மையும் ஆகாது. கத்தோலிக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1992இன் மறைக்கல்வி நூல் மனித இயல்பு காயப்பட்டது என்கிறதே தவிர முற்றாகக் கெட்டது என்று சொல்லவில்லை.

சைவ சித்தாந்தம் கேள்வியின் கால அளவையே மாற்றிவிடுகிறது. ஆணவ மலத்துக்குத் தொடக்கம் இல்லை. செம்பில் களிம்புபோல உயிரோடு என்றும் உள்ளது. எந்த ஆதிமனிதனின் தவறிலிருந்தும் வந்ததன்று. ஆதலால் குற்றம் எந்தக் கணத்தில் புகுந்தது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. பிறப்பைப் பற்றிய பார்வையும் தலைகீழாகிறது. அகுஸ்தீனுக்குப் பிறப்பு நோய் இறங்கும் வழி. சித்தாந்திக்கு மலம் பக்குவப்படுவதற்காக இறைவன் தரும் மருந்து. மெய்கண்டார் மரபில் வந்த உமாபதி சிவம் திருவருட்பயனின் இருண்மலநிலை அதிகாரத்தில் சொல்லும் ஒரு நுட்பம், இங்கே எடுத்துக்கொண்ட எல்லா மரபுகளிலும் ஆழமானது என்பது என் மதிப்பீடு: இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும். தன் குற்றம் தனக்குத் தெரியாமலிருப்பதுதான் குற்றத்தின் இயல்பு என்கிறது இந்த உளவியல். பௌத்தம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நிலையான ஆன்மா இல்லையென்ற பின் கறை படிவதற்கு ஒரு பொருள் இல்லை. ஆனாலும் மனம் ஒளியுடையது, அழுக்குகள் வந்து சேர்ந்தவை என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. வந்து சேர்ந்தவை என்பதில் அது பித்ராவை நெருங்குகிறது, ஆணவத்திலிருந்து விலகுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: குற்றம் யாருடையது? விடைகளைப் பாருங்கள். ஜென்மப் பாவம் ஆதாமின் மக்கள் எல்லோருக்கும் உரியது. நப்ஸின் கணக்கு அவரவருக்கே உரியது. ஆணவ மலம் ஒன்றாயினும் அதன் சக்திகள் உயிர்தோறும் தனித்தனி. கர்மத்துக்கு அவரவரே உரிமையாளர். ஒன்று மனித குலம் முழுவதும், அல்லது தனி மனிதர். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில், ஓர் இனத்துக்கு, ஒரு சமூகத்துக்கு, ஓர் ஊருக்கு என்று தனிக் குற்ற இயல்பு எந்த மரபின் அடிப்படைக் கோட்பாட்டிலும் இல்லை.

ஆனால் தேநீர்க்கடையிலும் பஸ்ஸிலும் நாம் கேட்பது அந்த இடைப்பட்ட அளவைத்தான். 'அவங்கட சுபாவமே அப்பிடித்தான்' என்ற ஒரு வாக்கியத்தில் முழு மானிடவியலும் முடிந்துவிடுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தவர்க்கு இரண்டு மணி நேர அவகாசம் தந்தபோது, யார் என்ன செய்தார் என்று விசாரிக்கவில்லை. முஸ்லிமாக இருந்தது போதுமாயிற்று. ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு, இந்தத் தீபகற்பத்துக்கும், வந்தனர். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு பூசைக்குச் சென்றவர்கள் கிறிஸ்தவர் என்பதற்காகவே குண்டுகளுக்கு இரையாயினர். மே 13இல் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் முஸ்லிம் என்பதற்காகவே வன்முறைக் கும்பலால் கொல்லப்பட்டார். மூன்றிலும் இயங்கியது ஒரே கருத்து: இயல்பு கூட்டத்துக்கு உரியது, ஆகவே கூட்டத்தில் யாரைத் தண்டித்தாலும் தகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சமயங்களே இந்த இடைப்பட்ட இயல்பை வளர்த்தன அல்லவா? உண்மைதான். இயேசுவின் மரணப் பழியை யூத இனம் முழுவதன் மீதும் சுமத்தும் போதனை கிறிஸ்தவ உலகில் நெடுங்காலம் வாழ்ந்தது. 1965 ஒக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கையில் அதை வெளிப்படையாக மறுத்தது. வருணத்துக்கு வருணம் பிறவிக் குணம் வேறு என்ற கருத்து பகவத்கீதையின் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் பேரால் நடந்த கொடுமைகள் தமிழ் நிலத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோயில் வாசல்வரை வந்தன. குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்டோரைப் பற்றி வந்த குர்ஆன் வசனங்களை எக்காலத்துப் பிற சமயத்தார்க்கும் பொதுவாக்கி உபதேசிப்போர் இருக்கிறார்கள். இவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் இவை ஒவ்வொன்றும் அந்தந்த மரபின் மூலக் கோட்பாட்டோடு மோதுகின்றன. எல்லா மக்களும் ஒரே ஆதாமில் விழுந்தவர்கள் என்றால் யூதருக்கெனத் தனி வீழ்ச்சி ஏது? ஆணவம் எல்லா உயிருக்கும் ஒன்றுபோல் அநாதி என்றால் சாதி உயர்வு எங்கிருந்து வந்தது? சீர்திருத்தம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கோட்பாட்டை அதன் முடிவுவரை பின்பற்றினாலே போதும். 1965இன் அறிக்கை அதற்குச் சான்று.

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் சாதாரண தரம்வரை கட்டாயப் பாடம். மணி அடித்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் சமயவாரியாகப் பிரிந்து தத்தம் அறைகளுக்குப் போகிறார்கள். அடுத்த அறையில் என்ன படிக்கிறார்கள் என்று பதினொரு வருடமும் தெரியாமலே வெளியேறுகிறார்கள். கற்பிட்டிப் பகுதி ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறியது. வருடத்தில் ஒரு பாடவேளை, பத்தாம் வகுப்புக் கத்தோலிக்க, இஸ்லாமியப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து, அன்னம்மாளின் கதையையும் ஹன்னாவின் பிரார்த்தனையையும் அவரவர் நூலிலிருந்தே வாசிக்கச் செய்யுங்கள். அறநெறிப் பாடசாலைக்குப் போகும் இந்து, பௌத்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, குழந்தை ஏன் அழுகிறது என்று அவர்களிடமும் கேளுங்கள். இதற்குப் பாடத்திட்ட மாற்றம் தேவையில்லை. அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் உடன்பட்டால் இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.