பான் நகரிலிருந்து சான்சிபார் வரை: சென்னை ஐ.ஐ.டி.யின் பன்னாட்டுக் கூட்டுறவு வரலாறு

1959 ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கிவைத்தார். முதல் அணியில் 120 மாணவர்கள். கருவிகளும் பேராசிரியர்களில் ஒரு பகுதியினரும் மேற்கு ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது. 64 ஆண்டுகள் கழித்து, 2023இல், அதே நிறுவனம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள, தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் தன் வளாகத்தைத் திறந்தது. இந்த முறை பாடத்திட்டமும் ஆசிரியர்களும் சென்னையிலிருந்து போனார்கள். கை நீட்டி வாங்கிய ஒரு கல்விக்கூடம், கொடுக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இன்று பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகளில் பன்னாட்டுத் தொடர்பு என்ற தலைப்பைப் புரட்டினால் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படும். உலகத் தரவரிசைகள் வெளிநாட்டு மாணவர், வெளிநாட்டு ஆசிரியர் விகிதங்களுக்கு மதிப்பெண் தரத் தொடங்கிய பிறகு இந்த எண்ணிக்கைமேல் வந்த ஆசை கூடிவிட்டது. கையெழுத்தான மறுநாளே அலமாரிக்குள் போய்விடும் ஒப்பந்தங்கள் ஏராளம். நிலைத்து நின்ற ஒரு கூட்டுறவை அதன் வேரிலிருந்து ஆராய்வது அதனால்தான் இப்போது அவசியமாகிறது. அப்படி ஆராயும்போது இரண்டு செய்திகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: பட்டத்தை வழங்குவது யார், உதவ வந்தவர் விலகும் நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருந்ததா.

பின்புலம்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் அமைந்த குழு, நாட்டின் நான்கு திசைகளிலும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதலாவது 1951இல் கரக்பூரில், ஹிஜ்லி சிறைமுகாம் இருந்த இடத்தில் எழுந்தது. மற்றவற்றுக்கு அன்னியச் செலாவணி தேவைப்பட்டது. கட்டடத்தை ரூபாயில் கட்டிவிடலாம். ஆய்வுக்கூடக் கருவியை ரூபாய் கொடுத்து வாங்க முடியாது. இந்தச் சாதாரண உண்மைதான் அன்றைய கல்வித் திட்டமிடலின் பெரும்பகுதியைத் தீர்மானித்தது.

நேரு அரசு எடுத்த முடிவில் ஒரு நிதானம் தெரிகிறது. எல்லாச் சரக்கையும் ஒரே கடையில் வாங்குவதில்லை என்பதே அந்த முடிவு. எஃகு ஆலைகளில் பிலாய்க்கு சோவியத் ஒன்றியம், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காபூருக்கு பிரிட்டன் எனப் பிரித்த அதே கணக்கு கல்விக்கும் வந்தது. பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் உதவி, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன். எந்த ஒரு வல்லரசின் கல்வி முறைக்கும் நாடு முழுவதும் கட்டுப்பட்டுவிடவில்லை. அணிசேராக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது ஐ.நா. மேடைகளையே நினைக்கிறோம், அது பட்டறைகளிலும் வகுப்பறைகளிலும் எடுத்த வடிவத்தை இன்னும் போதுமான அளவு ஆராயவில்லை.

ஜெர்மனி பக்கத்திலும் கணக்கு இருந்தது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாடுகளோடு உறவு வைத்துக்கொள்வதில்லை என்ற ஹால்ஸ்டைன் கோட்பாட்டை, பான் நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த மேற்கு ஜெர்மன் அரசு 1955 முதல் கடைப்பிடித்தது. இந்தியா போன்ற பெரிய நாடு தன் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் அதற்கு அக்கறை இருந்தது. 1956இல் நேரு மேற்கு ஜெர்மனிக்குச் சென்றபோது சான்சலர் அடெனாவரின் அரசு பொறியியல் உயர்கல்வி நிறுவனம் ஒன்றை அமைக்க உதவ முன்வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு ஜெர்மனி தன் எல்லைக்கு வெளியே மேற்கொண்ட கல்வித் திட்டங்களில் அக்காலத்தில் இதுவே மிகப் பெரியது. உதவியின் பின்னால் அரசியல் இருந்தது என்பதால் உதவியின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் அந்த அரசியலைக் கணக்கில் எடுக்காமல் கூட்டுறவின் வரலாற்றை எழுத முடியாது.

ஒப்பந்தத்தின் உடற்கூறு

காமராஜர் முதலமைச்சராக இருந்த மாநில அரசு கிண்டியில் காட்டுப் பகுதியாகக் கிடந்த ஏறத்தாழ 250 ஹெக்டேர் நிலத்தைத் தந்தது. கட்டடங்கள் இந்தியப் பணத்தில் எழுந்தன. ஜெர்மனி தந்தவை பேராசிரியர்கள், பட்டறைப் பயிற்றுநர்கள், ஆய்வுக்கூடக் கருவிகள், நூல்கள். இவற்றோடு சேர்ந்த இன்னொன்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: இந்திய ஆசிரியர்களுக்கு ஜெர்மனியில் பயிற்சி. வந்து கற்பிப்பவர் ஒருநாள் ஊர் திரும்பிவிடுவார். போய்க் கற்று வந்தவர் ஓய்வுபெறும்வரை இங்கேயே இருப்பார். ஒப்பந்தம் போட்ட நாளிலேயே விலகும் நாளுக்கான ஏற்பாடும் அதற்குள் இருந்தது.

நிர்வாகம் தொடக்கத்திலிருந்தே இந்தியர் கையில். முதல் இயக்குநர் பி. சென்குப்தா. 1961ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கழகங்கள் சட்டம் இந்நிறுவனங்களை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களாக அறிவித்து, தம் பெயரிலேயே பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. 1962இல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஹைன்ரிக் லூப்கே வளாகத்துக்கு வந்தார். 1964 ஜூலை 11 அன்று நடந்த முதல் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் உரையாற்றினார். அன்று மாணவர்கள் வாங்கிய சான்றிதழ் ஆகென் பல்கலைக்கழகத்தினுடையதோ பெர்லினுடையதோ அல்ல, சென்னையினுடையது. கருவி விருந்தாளியுடையது, பட்டம் வீட்டுக்காரருடையது. இந்தப் பிரிவினையை அன்று யாரும் பெரிதாகக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். பின்னோக்கிப் பார்க்கும்போது அதுவே அந்த ஒப்பந்தத்தின் முதுகெலும்பு என்று தோன்றுகிறது.

பட்டறையில் ஒரு நாள்

ஜெர்மானியர்கள் கொண்டுவந்தவற்றுள் பட்டறைப் பயிற்சியைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். ஃபிட்டிங் பட்டறையில் நடக்கும் வேலையை நெருங்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, ஒரு முகத்தைச் சமதளமாக்க வேண்டும். அடுத்து அதை ஒட்டிய முகத்தைச் சரியாக 90 பாகையில் கொண்டுவர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையில் மயிரிழை அளவு ஒளி கசியும். மறுபடியும் ராவ வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் அளவு குறைந்துபோய்த் துண்டே வீண். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பும். கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிவந்த பையனுக்கு, வரைபடத்தில் எளிதாகப் போடும் செங்கோணம் இரும்பில் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.

கைவேலையைக் குறிப்பிட்ட சாதிகளுக்கென்று ஒதுக்கிவைத்த ஒரு சமூகத்தில், படித்தவன் கையில் அரத்தைக் கொடுத்தது சிறிய செயலல்ல. இன்ஜினீயர் என்றால் மேசையும் கோப்பும் என்றிருந்த எண்ணத்தை அது உரசிப் பார்த்தது. ஆனால் இந்த முறை நெடுநாள் முழு வலுவோடு நிற்கவில்லை. பொறியியல் கல்வி உலகெங்கும் கணிதமும் அடிப்படை அறிவியலும் சார்ந்த அமெரிக்க வழிக்குச் சாய்ந்துகொண்டிருந்தது. சென்னையில் படித்து முடித்தவர்களில் கணிசமானோர் மேற்படிப்புக்கு நாடியதும் ஜெர்மனியை அல்ல, அமெரிக்காவை. உதவிய நாட்டின் கல்வி மரபு ஒரு பக்கம், மாணவரின் கனவு இன்னொரு பக்கம். இந்த இழுபறியை எந்த ஒப்பந்தமும் முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. பன்னாட்டுத் திட்டம் வகுப்போர் மாணவர்களை ஏதோ நடுவில் நகர்த்தப்படும் காய்களாக நினைத்தால் எங்கே சறுக்குவார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

1973இல் ஜெர்மன் உதவியின்கீழ் வளாகத்துக்கு வந்த பெரிய கணினி ஐ.பி.எம். 370/155. தந்தது ஜெர்மனி, தயாரித்தது அமெரிக்க நிறுவனம். அதைச் சுற்றி உருவான கணினி மையத்தையும் கணினி அறிவியல் துறையையும் வழிநடத்திய பேராசிரியர் எச்.என். மகாபாலா கான்பூரிலிருந்து வந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யோ எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், பெர்க்லி, பர்டூ உள்ளிட்ட ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்போடு 1962 முதல் 1972 வரை இணைந்து செயல்பட்டது. அங்கே 1963இலேயே ஐ.பி.எம். 1620 வந்துவிட்டது. அமெரிக்கக் கூட்டுறவில் கான்பூர் பெற்ற அனுபவம் ஒரு மனிதரோடு சென்னைக்கு வந்து, ஜெர்மன் உதவியில் வந்த இயந்திரத்தில் பயன்பட்டது. இரு நாடுகளின் கோப்புகளைத் தனித்தனியே படிப்பவருக்கு இந்த இணைப்பு தென்படாது. ஆசிரியர்களின் பணி வரலாறுகளைத் தொடர்ந்து போனால்தான் தென்படும்.

உதவி நின்ற பிறகு

அரசு உதவி படிப்படியாக முடிவுக்கு வந்தது. பல கூட்டுறவுகள் இந்த இடத்தில்தான் கலைந்துபோகும். சென்னையில் கலையவில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி. 1960இலேயே புதுடெல்லியில் அலுவலகம் திறந்திருந்தது. அதன் உதவித்தொகையிலும் ஹம்போல்ட் ஆய்வுநல்கையிலும் ஆசிரியர்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள். அரசுக்கும் அரசுக்கும் இருந்த உறவு, ஆய்வுக்கூடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்குமான உறவாக மாறியது. பின்னாளில் எம்.டெக். மாணவர்கள் ஆய்வேட்டுப் பணியை ஜெர்மன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்துவிட்டு இங்கே திரும்பிப் பட்டம் பெறும் திட்டமும் வந்தது. அங்கே பட்டம் வாங்கித் தங்கிவிடும் வழி இல்லை இது. போனவர் திரும்பி வருவதே அதன் அமைப்பு.

2010இல் வளாகத்தில் தொடங்கிய இந்திய-ஜெர்மன் நீடித்த வளர்ச்சி மையத்தை இந்தப் போக்குவரத்தின் பலனாகவே பார்க்கிறேன். இரு நாட்டு அரசுகளும் அதற்கு நிதி தந்தன. நீர், கழிவு, ஆற்றல், நிலப் பயன்பாடு போன்றவற்றில் இருபக்க ஆய்வாளர்களும் இணைந்தார்கள். சென்னையின் வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் ஜெர்மனியிலிருந்து வருபவருக்குப் பாடம் சொல்லித்தரும் களமாயின. பின்னர் ஆகென், பாங்காக், சென்னை, டிரெஸ்டன் ஆகிய நான்கு நகரங்களின் நிறுவனங்கள் நீர், காலநிலைத் தகவமைப்பு குறித்த மையம் ஒன்றில் கைகோத்தன. கொடுப்பவர், பெறுபவர் என்ற பழைய பிரிவு இங்கே பொருந்தாது. ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் 2018இல் இதே வளாகத்துக்கு வந்தபோது, லூப்கே வந்துபோன காலத்து உறவு உள்ளடக்கத்தில் முற்றிலும் வேறாகிவிட்டிருந்தது.

சான்சிபார்

சிறந்து செயல்படும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் வெளிநாடுகளில் வளாகம் அமைக்க ஊக்கம் தரலாம் என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. 2023 ஜூலையில் சான்சிபார் அதிபர் ஹுசைன் அலி முவினியும் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் உடனிருக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டிலேயே வகுப்புகள் தொடங்கின. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் இணைந்த பாடத்தில் நான்காண்டு இளநிலைக்கு 50 இடங்கள், எம்.டெக். படிப்புக்கு 20 இடங்கள் எனத் திட்டமிட்டார்கள். பொறுப்பேற்ற பேராசிரியர் பிரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றின் இயக்குநரான முதல் பெண். ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து வகுப்புவரை சில மாதங்களே ஆயின.

இரண்டு ஒப்பந்தங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒற்றுமை புலப்படும்: இடம் தருவது உள்ளூர் அரசு, அறிவும் ஆளும் தருவது விருந்தாளி. வேற்றுமை பட்டத்தில் இருக்கிறது. 1964இல் சென்னை மாணவருக்குப் பட்டம் தந்தது சென்னை. சான்சிபார் மாணவருக்குப் பட்டம் தருவதும் சென்னைதான். ஜெர்மனி இங்கே ஒரு நிறுவனத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு விலகியது. நாம் அங்கே நம் நிறுவனத்தின் கிளையை வைத்திருக்கிறோம். கிளை என்ற வடிவத்தில் பிழை ஏதும் இல்லை. பெயரின் மதிப்பு முதல் நாளிலிருந்தே மாணவருக்குக் கிடைக்கிறது. தரத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். ஆப்பிரிக்க மாணவர் பெரும் செலவு செய்து கடல் கடந்து போகத் தேவையில்லாமல் வீட்டுக்கு அருகில் படிக்கிறார். இதன் பயனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் கிண்டிக்குக் கிடைத்த ஒன்று சான்சிபாருக்கும் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். இங்கிருந்து இளம் ஆசிரியர்களை ஜெர்மனிக்கு அனுப்பி, அவர்கள் திரும்பி வந்து துறைகளை ஏற்று நடத்த வழிசெய்ததைப்போல, தான்சானியாவின் இளம் ஆய்வாளர்கள் சென்னையில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அந்தத் தீவில் ஆசிரியர்களாகப் பொறுப்பேற்கும் வழி இத்திட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளில் ஆசிரியர்களில் பாதிப்பேர் அந்த மண்ணைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள், எந்த ஆண்டில் ஒரு துறையின் தலைமை உள்ளூர்க்காரர் கைக்கு மாறும், பாடத்திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் எப்போது அங்கே போகும் என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். கான்பூர் திட்டத்துக்குப் பத்தாண்டு என்ற எல்லை இருந்தது. அந்த எல்லை இருபக்கத்தினரையும் விரைந்து வேலை செய்யவைத்தது. சான்சிபாரில் 2023இல் இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்கள் 2027இல் வெளியே வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் முனைவர் ஆய்வுக்குச் சென்னை வருகிறார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் தம் தீவின் வகுப்பறைக்கே திரும்புகிறார்கள் என்பதைப் பதிவுசெய்யும் ஏடு ஒன்றை இப்போதே திறந்துவைப்பது நல்லது.