புளியந்தோப்பு: எரிந்த குடிசையும் உதிர்ந்த சுவரும்

1921 ஜூன் மாத இறுதியில் சென்னை புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் அவர்கள் சேராமல் வேலைக்குப் போனார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வீடிழந்தவர்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் போட்டது. எம்.சி. ராஜா நீதிக்கட்சியோடு முரண்பட்டு 1923இல் வெளியேறியதற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம். தொழிற்சங்க வரலாற்றில் இது ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டது. நமக்கோ, சென்னையில் ஏழைகளின் வீடு பற்றிய கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏனெனில் இந்த நகரத்தில் குடிசை என்பது வறுமையின் அடையாளம் மட்டுமல்ல. சேரி என்ற சொல்லே யாரைக் குறித்தது என்பது நமக்குத் தெரியும்.

1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் வந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பது அதன் முழக்கம். அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகள் சட்டம் நிறைவேறியது. வாரியம் எடுத்த கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள், 1,63,802 குடும்பங்கள். குடிசை இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீடு சிறியது, படிக்கட்டு இருட்டு, தண்ணீருக்குக் கீழே இறங்க வேண்டும். ஆனாலும் துறைமுகத்துக்குப் போகிறவர் துறைமுகத்துக்கும், மீன் விற்கப் போகிறவர் மீன் விற்கவும் பழையபடி நடந்தே போக முடிந்தது. நகரத்தின் நடுவில் நம் மக்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த காரை வீடு அது. அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. அடுக்குமாடி கட்டுவது செலவு அதிகம் என்று வங்கி சொன்னது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனைகள் பிரிக்கப்பட்டன. இன்னொரு பக்கம், இருக்கும் குடிசைப் பகுதிகளுக்கே சாலை, குழாய், கழிப்பறை கொடுத்து, குடியிருப்போருக்கு மனையை உரிமையாக்கும் பணி நடந்தது. உலக வங்கியைத் திட்டியே பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடமான உண்மைதான். வீட்டைவிட மண் முக்கியம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட காலம் அது.

பிறகு என்ன ஆனது? 1971 சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதியாக அரசு அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகு சென்னையில் பட்டியல் நகரவில்லை. நகரம் வளர்ந்தது, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. புதிய குடிசைகள் எல்லாம் கோப்பில் ‘ஆக்கிரமிப்பு’ ஆயின. அதே 1985இல்தான் வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு அரசு குடிசைவாசிகள் மீது காட்டிவரும் அக்கறையைத் தொடரும் என்று நம்பிக்கை தெரிவித்தது. நம்பிக்கையை வைத்து ஒரு குடிசையைக் காப்பாற்ற முடியுமா?

2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல், அதுவும் எட்டு அடுக்கில். எண்ணிக்கையைப் பார்த்தால் இதுதான் மிகப் பெரிய சாதனை, ஒவ்வொரு ஆட்சியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களை ‘வெள்ள அபாயம்’ என்று சொல்லிக் கொண்டுபோய் இறக்கிய இடமும் இதுதான். கல்வியாண்டின் நடுவே பிள்ளைகளின் பள்ளி போனது. வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்குப் பேருந்துக் கட்டணமே கூலியைத் தின்றது. வேலை கேட்டுப் போகும் இளைஞர் ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை, இந்த முறை காரையும் கம்பியும் கொண்டு அரசே வரைந்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு மறுபடியும் செய்தியானது. கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய புதிய அடுக்குமாடியில், கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. ஐஐடி குழு வந்து ஆய்வு செய்தது. அதே ஆண்டு வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் பழைய கட்டடத்தில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசல் விடுவதைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே இறங்கி ஓடியதால் உயிர்கள் தப்பின. 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார்.

இப்போது எழுபதுகளின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகின்றன. இங்கேதான் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இடிக்கும் முன் குடும்பங்களின் பட்டியல் எழுத்தில் வந்ததா? ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை இருந்தால் எத்தனை வீடு கணக்கிடப்பட்டது? திரும்பி வர எவ்வளவு பங்களிப்புத் தொகை கேட்கிறார்கள்? விற்பனைப் பத்திரம் யார் பெயரில், எப்போது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. கேட்கும்போது, உங்கள் பகுதி 3ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்டதா என்பதையும் முதல் வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.