ஸ்டவ் வெடித்த காலத்திலிருந்து சென்சார் எரர் வரைக்கும்

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். பால் வைத்து பட்டனை அமுக்கினால் டிஸ்ப்ளேயில் 'ஈ' போட்டு பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு, பீப் பீப்புன்னு கத்திட்டு நின்றுவிடும். அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புத்தகத்தைப் புரட்டினால் 'வெப்ப சென்சார் கோளாறு' என்று போட்டிருப்பான். அதாவது அடுப்புக்குச் சூடு தெரியவில்லை, தெரியாததால் எரிய மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் மேட்டர். ஆனால் இந்த 'அவ்வளவுதான்' நம்ம வீடுகளுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆச்சு, அதற்கு முன்னாடி யார் யார் விலை கொடுத்தாங்கன்னு யோசித்தால், அந்த பீப் சத்தத்தின் மேல் இருக்கிற கோபம் போய்விடும்.

எங்க பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். திண்டிவனம் என்ற பெயரே புளியமரக் காட்டிலிருந்து வந்தது என்பார்கள். திந்திரிணி என்றால் புளி. புளி விறகு நின்று எரியும், அணைந்தாலும் தணல் நிற்கும். விறகடுப்புக் காலத்தில் சென்சார் என்பது சமைக்கிற பெண்மணியின் கையும் காதும்தான். தோசைக்கல்லில் தண்ணி தெளித்து 'சொய்ங்' சத்தம் கேட்டு மாவு ஊற்றுவாங்க. கடுகு வெடிக்கிற வேகத்தில் எண்ணெய்ச் சூடு தெரியும். கொள்ளியை இழுத்தால் சிம்மு, தள்ளினால் ஃபுல்லு. புகைதான் பிரச்சினை. கண்ணெரிச்சலும் இருமலும் கூடவே வரும்.

அப்புறம் கிருஷ்ணாயில் வந்தது. 1892-ல் ஸ்வீடன்காரர் ஃப்ரான்ஸ் லின்ட்க்விஸ்ட் கண்டுபிடித்த பிரைமஸ் வகைதான் நம்ம வீடுகளில் 'பம்ப் ஸ்டவ்' ஆனது. தொட்டியில் கிருஷ்ணாயில், மேலே காற்று. பம்ப் அடித்தால் எண்ணெய் மேலேறி, சூட்டில் ஆவியாகி, நாசில் வழியா சீறி நீலமா எரியும். நாசில் அடைத்தால் குத்துவதற்கு ஒரு பின். புகை இல்லை, சட்டுனு கொதிக்கும். விறகோடு மல்லுக்கட்டினவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் அந்த அடுப்புக்கு எந்த உணர்வும் கிடையாது. தொட்டியில் அழுத்தம் ஏறினாலும், வாஷர் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலும், எரியும்போதே யாராவது எண்ணெய் ஊற்றினாலும் அது பாட்டுக்கு எரியும். கூடவே நைலான், நைலக்ஸ் புடவைகளும் வந்து சேர்ந்தன. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்பது 70, 80-களில் பேப்பர் படித்தவர்களுக்கு மனப்பாடம். அதில் எல்லாமே ஸ்டவ் செய்த வேலை இல்லை என்பதும் ஊருக்குத் தெரியும். வரதட்சணைக்காக எரித்துவிட்டு 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு' என்று எழுதிக்கொடுத்த குடும்பங்களும் உண்டு. 1983-ல் 498ஏ பிரிவும், 1986-ல் 304பி பிரிவும் இந்திய தண்டனைச் சட்டத்தில் நுழைந்ததற்குப் பின்னால் இந்தச் சாவுகள் இருக்கின்றன. கொலைகாரர்கள் நம்பத்தகுந்த பொய்யாக ஸ்டவ்வைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், ஸ்டவ் நிஜமாகவே அத்தனை முறை வெடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சூட்டை உணர்ந்து தானே செயல்படும் ஒரு பொருள் நம்ம சமையலறையில் பரவலா நுழைந்தது பிரஷர் குக்கரோடு என்று நினைக்கிறேன். வெயிட்டுக்கு மேல் அழுத்தம் போனால் விசில். அந்த வழி அடைத்துக்கொண்டால், சேஃப்டி வால்வில் இருக்கிற உலோகம் சூட்டில் உருகி வழிவிடும். சோறு வீணாகும், ஆள் பிழைப்பார். அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைத்துச் சமைத்த வீரர்களும் நம்ம ஊரில் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் தேவைப்படும்.

காஸ் கதை சுருக்கமா: 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல், 1965-ல் கல்கத்தாவில் இண்டேன். தமிழ்நாட்டில் 2006-க்குப் பின் ஏழை வீடுகளுக்கு இலவச காஸ் அடுப்பு வந்தது. 2012 செப்டம்பரில் மத்திய அரசு மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான் என்றதும் ஜனங்கள் இண்டக்‌ஷன் அடுப்புக் கடைப் பக்கம் ஓடினார்கள். நம்ம ஊரில் அப்போது மின்வெட்டு வேற. சிலிண்டரும் இல்லை, கரண்டும் இல்லை :-) மின்வெட்டு குறைந்து, 2016-ல் முதல் 100 யூனிட் இலவசம் என்றும் ஆனபிறகு அந்த அடுப்புக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது.

அதன் உள்ளே இருக்கிற விஞ்ஞானம் ரொம்பப் பழசு. 1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். அடுப்பின் செம்புச் சுருள் அதன் வாரிசு. 1833-ல் அதே ஃபாரடே, சூடேறினால் வெள்ளி சல்பைடின் மின்தடை குறைவதைக் கவனித்தார். நம்ம சென்சார் இதன் வாரிசு. சூட்டைக் கொடுப்பதும், அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரே ஆளின் கண்டுபிடிப்புகள்! இண்டக்‌ஷன் அடுப்பை அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி காட்சிக்கு வைத்தது 1971-ல்.

சுருளுக்கு நடுவில், கண்ணாடிக்கு அடியில், வெள்ளைப் பசை தடவி ஒரு சின்ன மணி உட்கார்ந்திருக்கும். அதுதான் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். போர்டு அதை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். மின்தடை முடிவிலி என்று வந்தால் ஒயர் அறுந்திருக்கு. பூஜ்யம் என்று வந்தால் ஷார்ட். இரண்டில் எது நடந்தாலும் எரர்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியதே, அந்த ஈரத்துக்குப் பிறகு திண்டிவனத்தில் எங்க பெரியம்மா வீட்டு அடுப்பும் எரர் காட்ட ஆரம்பித்தது. பெரியம்மா தனியா இருக்கிறாங்க, வயசு எழுபதுக்கு மேல். விழுப்புரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிப்போனேன். அங்கிருந்த தம்பி, "சென்சார்தாண்ணே போயிருக்கு. அதுக்குப் பதிலா ஒரு ரெசிஸ்டர் போட்டு விட்டுர்றேன், இனிமே எரரே வராது" என்றார்.

எரர் வராது, வாஸ்தவம்தான். பாத்திரம் எப்பவும் குளிர்ந்தே இருக்கு என்று அடுப்பு நம்பிக்கொண்டிருக்கும். பெரியம்மா வாணலியில் எண்ணெயை வைத்துவிட்டு போன் பேசப் போனால்? சமையல் எண்ணெய் சுமார் 350 டிகிரியைத் தாண்டினால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். குக்கர் வால்வை அடைத்த அதே புத்திதான் இது. வேண்டாம்ப்பா, சென்சாரையே மாத்து என்றேன். கழற்றிப் பார்த்தால் போர்டில் சொருகுகிற கனெக்டரில் பச்சையா களிம்பு. துடைத்து, அதே மதிப்புள்ள புது மணி வைத்து, பசை தடவி மூடினார். இப்போது நல்லா வேலை செய்கிறது.

பம்ப் ஸ்டவ்வுக்கு நிற்கத் தெரியாது. இந்த அடுப்புக்குத் தெரியும். 'எனக்குத் தெரியலை, அதனால செய்ய மாட்டேன்' என்று ஒரு அடுப்பு சொல்வதற்கு நம்ம வீட்டுப் பெண்கள் கொடுத்த விலை ரொம்பப் பெருசு. அதன் வாயை ஒரு ரெசிஸ்டரால் அடைக்காதீங்க.

கொசுறு: எரர் வந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கி ஆறவிடுங்க. அடியில் ஃபேன் ஓட்டையில் தூசி அடைத்திருக்கா பாருங்க. மறுபடியும் வந்தால் தெரிந்தவர்களிடம் கொடுங்க. உள்ளே கெபாசிட்டர் இருக்கு, பிளக்கை எடுத்த பின்னும் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு: பல அடுப்புகளில் 25 டிகிரியில் 100 கிலோ ஓம் மணிதான் இருக்கும். 35 டிகிரியில் அதுவே கிட்டத்தட்ட 65-தான் காட்டும். விழுப்புரத்து வெயிலில் 65-ஐப் பார்த்துவிட்டு நல்ல மணியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. விரலால் பிடித்தால் எண் இறங்குதா? அப்போ அதுக்கு இன்னும் உசிரு இருக்கு.