எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்த மாணவர்

நாள்தோறும் செம்பூரில் ரயிலேறிப் போரி பந்தரில் இறங்கி அலுவலகம் செல்லும் அன்பர்கள் நம் காலனியில் பலர் உளர். அடியேனும் அவர்களுள் ஒருவன். அந்நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி என்னும் பழமையான அரசாங்கப் பள்ளி உள்ளது. நல்ல பள்ளி ஏழைப் பிள்ளைக்கு எதைச் செய்யும், எதைச் செய்ய இயலாது என்னும் இரண்டையும் அதில் பயின்ற ஒரு மாணவரின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ராம்ஜி சக்பால் தம் மகன் பீமராவை அப்பள்ளியில் சேர்த்தார். பம்பாயின் சிறந்த பள்ளிகளுள் அஃது ஒன்று. குடும்பம் வாழ்ந்ததோ பரேலில், டபக் சால் என்னும் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில். சமையலும் உறக்கமும் படிப்பும் அவ்வறையிலேயே. தந்தை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அந்த இடத்திலேயே தாம் படுத்துக்கொள்வார். கையில் பணமில்லாத காலத்தும், மணமான பெண்களிடம் கடன் பெற்றுப் புத்தகம் வாங்கித் தந்தார்.

பள்ளி இடம் தந்தது, சமத்துவம் தரவில்லை. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தமையால், விரும்பிய வடமொழி மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றார் பீமராவ். ஒரு நாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தபோது, பலகையின் பின்னே வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்படுமென அஞ்சி, மற்ற மாணவர் ஓடிச்சென்று அவற்றை அகற்றினர்.

1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750க்கு 282. இன்று நம் பிள்ளை இதனைப் பெற்று வந்தால் நாம் என்ன சொல்வோம்? ஆனால் அவருடைய சமூகத்தார் கூட்டம் கூட்டிப் பாராட்டினர். வேறொரு பள்ளியின் ஆசிரியரான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அவர் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜி ராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். 1912இல் பி.ஏ.; 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம். அவரே பின்னாளில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக விளங்கிய டாக்டர் அம்பேத்கர்.

ஆகவே, பள்ளி கதவைத் திறந்தது. அவரை உள்ளே நிலைக்கச் செய்தவை தந்தையின் கண்விழிப்பும், ஊராரின் பாராட்டும், ஓர் ஆசிரியரின் பரிவும், 25 ரூபாயும். தாம் பட்ட துன்பத்தை அவர் மறந்தாரில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் அக்கழகத்தின் சார்பில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது.

நம்மவரும் இத்துறையில் வாளாவிருந்தவரல்லர். 1932இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எழுந்ததேயாகும். அதன் பயனை நம் குடும்பங்கள் பல துய்த்துள்ளன.

இன்று நம் இல்லங்களில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாரின் மகனும் மகளும் எங்கே அமர்ந்து படிக்கின்றனர் என்று நாம் கேட்டதுண்டா? அடியேன் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். கல்லூரிக் கட்டணத்திற்குக் கைகொடுப்பார் அன்று ஒருவரும் இலர். அக்குறை இன்னொரு பிள்ளைக்கு நேரலாகாது. பள்ளி கட்டும் வசதி நமக்கு இல்லாமற் போகலாம். சங்கத்தின் அறையை மாலை இரண்டு மணி நேரம் அப்பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கவும், விளக்கேற்றி உடன் அமர்ந்து சொல்லித்தரவும், ஆண்டுதோறும் சிலருக்குக் கட்டணம் செலுத்தவும் நம்மால் இயலும். இவ்வாண்டு விழாவிலேயே அதற்குத் தொடக்கம் செய்வோமாக!