காசிமேடும் சோழமண்டலமும்

மாதவரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் காசிமேடுதான் பக்கம். ஆனாலும் ஊரிலிருந்து வரும் விருந்தாளி, "கடலோரமா ஒரு ஊர் பார்க்கணும், நல்லா சாப்பிடணும், ஏதாவது வாங்கணும், கலைன்னு ஏதாவது இருந்தா அதையும் பார்க்கணும்" என்று கேட்டால், நகரம் முழுவதையும் தாண்டி ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குத்தான் கூட்டிப் போகிறோம். இந்தப் பழக்கத்தில் பாதிதான் சரி.

சாப்பாட்டில் வடசென்னைக்குப் போட்டியே இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் சூடு பிடித்துவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கெளுத்தி, கடம்பா, நண்டு எனக் கூடை கூடையாக இறங்கும். ஏலத்தில் எடுத்த பெண்கள் அங்கேயே கூறு போட்டு விற்பார்கள். வாங்கிய மீனைச் சுத்தம் செய்து வெட்டித் தரவும் ஆட்கள் இருப்பார்கள், அதற்குத் தனிக் கூலி. ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது, வார நாளில் போவதே நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறு படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறும். மாலையானால் அத்தோ. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பிவந்த தமிழர்கள் பாரிமுனைப் பக்கமும் வியாசர்பாடியிலும் ஊன்றிவைத்த உணவு இது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு போட்ட சூப். ஈஞ்சம்பாக்கம் பக்கத்து உணவகங்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அங்கே கிடைப்பது அடையாறிலும் கிடைக்கும்.

வாங்குவதற்கும் வடக்குதான். கல்யாணப் புடவைக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, மற்றதற்கு 1969 முதல் இருக்கும் பர்மா பஜார். சோழமண்டலத்தில் ஓவியரிடமே ஓவியம் வாங்கலாம் என்பது பெரிய விஷயம். மாதச் சம்பளக்காரருக்கு அது எட்டுவதில்லை.

கலை என்று வரும்போது ஈஞ்சம்பாக்கத்துக்கு முன் தலைவணங்க வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சக ஓவியர்களும் 1966இல் உருவாக்கிய கிராமம் அது. அரசு கொடுத்த இடமல்ல. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் பொதுவில் சேர்த்து, ஏறத்தாழ 10 ஏக்கர் மணல்வெளியை வாங்கினார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொள்ளும், ஓவியம் யார் ருசிக்கும் வளைய வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் 'சென்னை இயக்கம்' என்று பெயர் பெற்ற தலைமுறையை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களின் முன் நின்றால், ஜாதகக் கட்டம் எப்படி நவீன ஓவியமானது என்று புரியும். அவர் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

வடக்கில் கலை இல்லையா? கானா இந்த மண்ணில் வளர்ந்த பாட்டு. படகு கட்டுகிறவர்களின் கைத்திறன் எந்தச் சிற்பிக்கும் குறைந்ததல்ல. ஆனால் வெளியூர்க்காரரை நிற்கவைத்து இதையெல்லாம் காட்ட எனக்கு ஓர் இடம் தெரியவில்லை. திறமையில் வடக்கு குறைந்துவிடவில்லை, குறை காலடி நிலத்தில் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்து ஓவியர்கள் தங்கள் மண்ணைத் தாங்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே மண்ணே போய்க்கொண்டிருக்கிறது. நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சென்னைத் துறைமுகம் அதைக் குறுக்கே தடுத்தது. தடுத்த மணல் மெரினாவாக விரிந்தது. வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் குடிசைகளை விழுங்கியது. இன்று அங்கே பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரைதான். எண்ணூரில் ஆறும் பாழ்பட்டது: அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய். ஊர் முழுவதற்கும் மின்சாரமும் மீனும் சரக்கும் கொடுக்கிற கரைக்கு, தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு கூடம்கூட இல்லாதது அநியாயம்.

அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையம், தூண்களோடு இன்னும் நிற்கிறது. காசிமேட்டிலிருந்து கிட்டத்தில்தான். அதன் ஒரு பகுதியை வடசென்னையின் ஓவியர்களுக்கும் கானாப் பாடகர்களுக்கும் படகுத் தச்சர்களுக்கும் ரயில்வேயும் தமிழக அரசும் சேர்ந்து ஒதுக்க வேண்டும்; பொறுப்பை அவர்கள் கையிலேயே விட வேண்டும்.