திருப்பணி மரமும் தச்சர் மரபும்

திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவை முன்னிட்டுத் திருக்கோயில்களில் நிகழும் திருப்பணிகளுள் கற்பணியும் சுதைப்பணியும் முதலிற் கண்ணுக்குத் தோன்றுவன. மரப்பணியோ பெரும்பாலும் இறுதியிலேயே நினைவுக்கு வருகின்றது. நாள் குறித்த பின்னரே திருவாயிற் கதவுக்கும் வாகனத்துக்கும் திருத்தேர்ப் பலகைக்கும் உபயதாரரைத் தேடுகின்றோம். அவ்வன்பரும் மனமுவந்து பொருள் அளிக்கின்றார். தச்சரும் உளி எடுக்கின்றார். ஆயின் அவ்வுளி படுவதற்கு முன்னரே அம்மரத்தின் ஆயுள் பெரும்பாலும் முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது என்பதைப் பலர் அறியார். மரம் எப்பருவத்தில் வீழ்த்தப்பட்டது, எம்முறையில் பலகையாக அறுக்கப்பட்டது, எத்துணைக் காலம் நிழலில் உலர்ந்தது என்பனவே அதன் ஆயுளை வரையறுக்கின்றன. செங்கல்பட்டும் மாமல்லைக் கடற்கரையும் சார்ந்த இந்நாட்டின் பழைமையோடு இயைத்து இப்பொருள் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

மாமல்லபுரம் என்றவுடன் கல் ஒன்றே நினைவுக்கு வரும். அக்கல்லினுள் மரம் மறைந்திருத்தலை ஊன்றி நோக்குவார் சிலரே. ஏழாம் நூற்றாண்டில் மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கப்பெற்ற ஒற்றைக்கற் கோயில்களுள் திரௌபதி இரதம் எனப்படுவது கூரை வேய்ந்த குடிலின் வடிவம். வீம இரதத்தின் நீண்ட கூரை, மர விலாக்களை வளைத்து அமைத்த சாலையின் வடிவம். (பாரதப் பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை, அவற்றுக்கு வரலாற்றுச் சான்றில்லை.) கொடுங்கைதோறும் வரிசையாக விளங்கும் கூடுகளைப் பாருங்கள். கல்லுக்கு அவ்வளைவு வேண்டுவதில்லை. மரக்கூரையின் வளைவிலாக்கள் முகப்பில் வந்து முடியுமிடத்தே தோன்றிய வடிவம் அது என்பது அறிஞர் துணிபு. மராட்டிய நாட்டுக் கார்லேக் குடைவரையில், பாறையைக் குடைந்த கூரையின் அடியில் மெய்யான மரவிலாக்களையே பொருத்தி வைத்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவை இன்றும் உள்ளன. அங்கே மரமாக நிற்பதை இங்கே நம் சிற்பிகள் கல்லாக வடித்தனர்.

சொல்லும் இதற்குச் சான்று பகரும். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறைமீது சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கேவாத பெருந்தச்சன் என்பது ஒன்று. கொல்லன் சேமகன் என்பது மற்றொன்று. மாமல்லையில் பணிபுரிந்த கம்மியர் பெயர்கள் இவை எனக் கருதுவர். கல்லில் வேலை செய்தவனும் தச்சன் என்றே அழைக்கப்பெற்றான்! பிற்காலத்தில் கற்றச்சன், மரத்தச்சன் எனப் பிரித்து வழங்கினும் தொழிலின் வேர் மரத்திலேயே உள்ளது. மன்னர்தம் விருதுப்பெயர்கள் ஆயிரம் இருக்க, உளி பிடித்தவர் பெயர்கள் ஒரு புறப்பாறையில் அடங்கிக் கிடத்தலைக் காணுந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்வதுண்டு.

அவ்வாறாயின் பல்லவர்க்கு முற்பட்ட மரக்கோயில்கள் எங்கே? முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டிற் குடைவித்த கோயிற் கல்வெட்டே விடை தருகின்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் இக்கோயிலை எடுப்பித்ததாக விசித்திரசித்தன் என்னும் தன் விருதுப்பெயரால் அம்மன்னன் அதில் அறிவிக்கின்றான். அதனை ஒரு புதுமையாக அவன் எடுத்துரைப்பதால், அதுகாறும் கோயில்கள் அப்பொருள்களாலேயே ஆக்கப்பட்டமை தெளிவு. செங்கல்பட்டை அடுத்த வல்லத்திலும் அம்மன்னன் காலத்தில் கந்தசேனன் என்பான் ஒரு குடைவரையைச் செய்வித்தான். மரமும் செங்கல்லுமாய் நின்ற பழைய கோயில்களைக் கடற்காற்றின் ஈரமும் கறையானும் தீயும் உண்டொழித்தன.

அதே காலத்தை ஒட்டி வடபுலத்தில் நிகழ்ந்தது வேறு. இமயச் சாரலில், சம்பா நாட்டுப் பிரம்மோர் என்னும் ஊரில், மேருவர்மன் என்னும் அரசன் ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் இலட்சணாதேவிக்குக் கோயில் எடுப்பித்தான். அதன் முகப்பும் தூண்களும் விதானமும் மரச்சிற்பங்களே. இன்றும் நின்று நிலவுகின்றன. மணாலியில் இடும்பி கோயில் 1553-இல் தேவதாரு மரத்தால் எழுந்தது. தேவதாரு என்பது இமயத்தில் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 மீட்டர் வரையுள்ள உயரத்தில் வளரும் மரம். அதன் வைரத்திலுள்ள நறுமண எண்ணெய் பூச்சியையும் பூஞ்சையையும் அணுகவொட்டாது. குளிரும் துணை செய்கின்றது. நம் பெருமான் பலி தேர்ந்து புகுந்த தாருகாவனத்தின் பெயரும் இம்மரத்தையே நினைவூட்டுகின்றது. தாரு என்பது வடமொழியில் மரத்தின் பொதுப்பெயர். தேவதாரு, தேவர்க்குரிய மரம்.

தமிழ்நாட்டிலே தேவதாரு வளர்வதில்லை. எனினும் ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் திருமேனிக்குரிய மரம் கொணரக் காடு புகுதலைப் பற்றி ஓர் அத்தியாயமே அமைத்தபோது, முதல் வரிசையில் தேவதாரு, சந்தனம், வன்னி, இலுப்பை என்னும் நான்கையும் ஒருங்கு வைத்தார். தேவதாருவோடு ஒத்த இடம் பெற்ற அவ்விலுப்பையே நம் நாட்டுத் தேருக்கும் வாகனத்துக்கும் நெடுங்காலமாக உதவிவரும் மரம். வேங்கை, தேக்கு, வாகை ஆகியவையும் பயன்படும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்த் தச்சர் வாகையிலும் மாவிலும் ஒரே துண்டாகச் சிற்பம் செதுக்குவதற்குப் புகழ் பெற்றவர். அதற்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்நூல் கூறும் விதிகளுள் ஒன்று யான் பன்முறை எண்ணி வியந்தது. சுடுகாட்டிலும் வழியிலும் கோயிலிலும் வளர்ந்த மரம், இடி விழுந்தது, காற்றில் முறிந்தது, தேனீ குடிகொண்டது முதலியன விலக்கத்தக்கவை. கொள்ளத்தக்க மரத்துக்கு முதல்நாள் இரவில் பூசை செய்து, அதில் உறையும் உயிர்களை வேறிடம் செல்ல வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாட் காலையில் தேனும் நெய்யும் பூசிய கோடரியால் வடகிழக்கில் முதல் வெட்டு. இவற்றுக்கெல்லாம் முன், நிற்கும் மரத்திலேயே கீழ்மேல் திசைகளையும் அடி நுனியையும் குறியிட்டுக்கொள்ள வேண்டும். மரம் நின்றவாறே திருமேனியும் நிற்க வேண்டுமாதலின். இதனை வெறுஞ்சடங்கு என்பார் உளர். தச்சரைக் கேட்டால் வேறு கூறுவர். அடியும் நுனியும் அறிந்து, உருவத்தின் தலை மரத்தின் நுனிப்பக்கம் அமைய, இழை தலை முதல் அடி வரை ஓடுமாறு செதுக்குதலே தொழில் மரபு. இழை குறுக்காக ஓடின் கணைக்கால் முறியும். நீட்டிய கைகள் இழைக்குக் குறுக்கே அமைதலால் அவற்றைத் தனியே செய்து கழுந்து வைத்துப் பொருத்துவதும் உண்டு.

இனி அறுத்தலுக்கு வருவோம். அகத்தே காழ் கொண்டது மரம், புறத்தே காழ் கொண்டது புல் என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். தென்னையும் பனையும் மூங்கிலும் அவர்க்குப் புல்லே. இப்பகுப்பைத் தச்சர் நூலிற் படித்தாரல்லர். வாள் முனையில் அறிவர். அடிமரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவே கருத்த வைரமும் சுற்றிலும் வெளிறிய மரமும் தோன்றும். வெளிறிய பகுதியில் மாச்சத்து மிகுதி. உளுவுக்கு அதுவே உணவு. ஆகவே அதனை அறவே கழித்துவிட வேண்டும். எடை போட்டு வாங்கிய மரத்தில் இத்துணை கழிகின்றதே என்று வருந்தும் உபயதாரர் வெளிறையும் சேர்த்துப் பலகையாக்கச் சொல்லிவிடுகின்றனர். மூன்றாம் ஆண்டில் வாகனத்தின் அடியில் மாவுபோற் பொடி உதிரும்.

முற்காலத்தே மரம் அறுப்போர் இருவர் ஒரு பெரிய ஈர்வாளின் இருபுறமும் நின்று தொழில் செய்தனர். உயர்த்தி வைத்த மரத்தின்மேல் ஒருவர், கீழே ஒருவர். காவி தோய்த்த நூலை மரத்தின் மீது இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அக்கோட்டை மேலிருப்பவர் நோக்கி வாளை நடத்துவார்; கீழிருப்பவர் கண்ணிலும் வாயிலும் தூள் வீழ இழுப்பார். இன்று வாள்பட்டறைகளில் மின்விசையால் ஓடும் பட்டைவாள் நாட்பணியை நாழிகையில் முடிக்கின்றது. அதன் தகடு மெல்லியதாகலின் தூளாகும் மரமும் குறைவு. குறை கூற ஒன்றுமில்லை. ஆயின் நூலடித்த கண் மரத்தைப் படித்துக் கோடு வைத்தது. பொறியோ வைத்த வழியே போகும். எனவே எவ்வழி வைப்பது என்பதைச் செதுக்கும் தச்சரே பட்டறைக்குச் சென்று காட்டுதல் நலம்.

காட்ட வேண்டுவது யாது? மரம் உலருங்கால் நீளவாட்டில் ஏறத்தாழச் சுருங்குவதேயில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையிற் சிறிது சுருங்கும். வளையங்களைத் தழுவிய சுற்றுத்திசையிலோ அதனினும் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். இவ்வேற்றுமையாலேயே பலகை கோணுகின்றது. நடுவேர்த் தண்டு உள்ளடங்கிய கட்டை வெடிக்கின்றது. ஆகவே அடிமரத்தை நான்கு கூறாகப் பிளந்து, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்த பலகையே சிற்பத்துக்கு உரியது. நடுத்தண்டு எப்பலகையிலும் இருத்தலாகாது. இம்முறையிற் பலகையின் அகலம் குறையும், கழிவு மிகும், கூலியும் ஏறும். திருத்தேரின் தேவாசனத்தில் வெயிலும் மழையும் தாங்கி நூறாண்டு நிற்க வேண்டிய திருவுருவத்துக்கு இச்செலவு தகும் என்பது என் கருத்து.

அறுத்த பலகைகளை நிழலில், நிலத்தினின்று உயர்த்தி, இடையிடையே சிறு சட்டங்கள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஈரம் முனைகளின் வழியே விரைந்து வெளியேறுதலால் முனை வெடிக்கும். அதனைத் தடுக்க மெழுகோ வண்ணமோ முனைகளிற் பூசுவர். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது உலகெங்கும் மரத்தொழிலோர் கொண்ட பொதுக்கணக்கு. நம் நாட்டு வெப்பத்தில் இது சிறிது குறையலாம். இலுப்பை போன்ற கனத்த மரங்களில் விரைவு ஆகாது. மூன்றங்குலப் பலகைக்குக் குறைந்தது இரண்டாண்டேனும் விட வேண்டும் என்பார் முதிய தச்சர். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதியாகலின், உள்நாட்டில் உலர்ந்த பலகையையும் பணி நடக்கும் இடத்திற் சில திங்கள் வைத்து, அவ்வூர்க் காற்றுக்குப் பழக்கிய பின்னரே உளி எடுப்பது முறை.

ஒரு சிற்றூர்த் திருக்கோயிலில் இதற்கு மாறாக நிகழ்ந்ததை நேரிற் கண்டேன். ஊர்ப்பெயர் வேண்டா. விழாவுக்கு ஐந்து திங்களே இருக்கையில் இடப வாகனத்துக்கு மரம் வெட்டினர். பச்சை மரம் உளிக்கு இளகிக் கொடுக்குமாதலின் பணி அழகாகவே முடிந்தது; பொன்வண்ணமும் பூசினர். பெருமான் எழுந்தருளிய அழகைக் கண்டு ஊரே உருகிற்று. அடுத்த கோடையில் விடையின் கழுத்திலிருந்து மார்பு வரை விரல் நுழையும் பிளவு. உபயம் செய்த மூதாட்டி தம் நகையை விற்று அப்பணியைச் செய்தவர். அரக்கும் மரத்தூளும் கலந்து அடைத்தனர். மறு கோடையில் மீண்டும் வாய் திறந்தது. தச்சர்மேற் குறை கூறுதற்கில்லை. காலம் கேட்டார், நாம் கொடுத்தோமில்லை.

மரம் நெடுங்காலம் வாழாது என்று கொள்ளவும் வேண்டா. சைவர்க்குக் கோயில் என்றால் தில்லை. அங்கே பொன்வேய்ந்த கூரையின் கீழ்ச் சிற்றம்பலம் இன்றும் மர அம்பலமாகவே விளங்குகின்றது. நம் பகுதியில் திருப்போரூர் முருகப்பெருமானது மூலத்திருமேனி பனையில் தோன்றியது என்பது தலமரபு. ஆதலின் அதற்கு நீராட்டின்றிப் புனுகுக் காப்பே சாத்தப்பெறுகின்றது. காஞ்சியில் அத்திமரத்தாலாகிய வரதர் திருக்குளத்து நீரில் எழுந்தருளியிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை, 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் காட்சி தந்தமை யாவரும் அறிவர். எப்பொழுதும் நீரில் மூழ்கியுள்ள மரத்தைக் காற்றில்லாமையாற் பூஞ்சை அழிப்பதில்லை. நனைவதும் உலர்வதுமாக மாறி மாறி நிற்பதே மரத்துக்குக் கேடு. தேர்முட்டியில் கொட்டகையின்றி நிற்கும் தேர்கள் அக்கேட்டுக்கே ஆளாகின்றன.

1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்து, கல், சுதை, உலோகம் ஆகியவற்றோடு மரச்சிற்பமும் கற்பிக்கின்றது. செதுக்க வல்ல இளைஞர்க்குக் குறைவில்லை. குறைந்திருப்பது மரமே. முன்னோர் கோயில் நிலங்களில் இலுப்பைத் தோப்பு வைத்தனர். அதன் விதை தந்த எண்ணெய் திருவிளக்குக்கு ஆயிற்று. முதிர்ந்து ஓய்ந்த மரம் தேருக்கு ஆயிற்று. மயிலாடுதுறைப் பகுதியில் பாடல்பெற்ற திருப்பழமண்ணிப்படிக்கரை, தலமரத்தின் பெயராலேயே இலுப்பைப்பட்டு எனப்படுகின்றது. விளக்குக்கு வேறு எண்ணெய் வந்தபின் தோப்புகளைப் பேணுவார் இலர். மலபாரில் நீலம்பூரில் 1840-களில் சாத்துமேனோன் மேற்பார்வையில் நட்ட தேக்குகள் அவர் வாழ்நாளில் முதிரவில்லை. நட்டவர் அதனை அறிந்தே நட்டனர்.

இத்திருக்கோயிலுக்கு உபயம் செய்ய எண்ணும் அன்பர்கள் திருக்குளத்தின் கரையிலோ நந்தவனத்தின் ஓரத்திலோ பத்து இலுப்பை வைக்கலாம். பங்குனி, சித்திரையிற் பூத்து ஆனி, ஆடியிற் காய் பழுக்கும். இலுப்பை விதை சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடுமாதலின், பழம் உதிர்ந்தவுடன் சதையை நீக்கிக் காலந்தாழ்த்தாது ஊன்ற வேண்டும்.